மங்கிப்போன தரை: அழுக்கா, படிவா, காயமா?

மதியம் இரண்டரை மணிக்குக் கடைசிப் பந்தி முடிகிறது. ஐந்து மணிக்கு அடுத்த வீட்டு ரிசப்ஷனுக்கு ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். இடையில் கிடைக்கும் நேரத்துக்குள், ரசமும் பாயசமும் அப்பள எண்ணெயும் மிதிபட்டுக் கிடக்கும் ஒரு பெரிய ஹாலை நாலு பேர் சேர்ந்து சுத்தம் செய்தாக வேண்டும். அவர்கள் கையில் இருப்பது துடைப்பம், வைப்பர், ஒரு கேன் சோப் ஆயில், ஒரு கேன் ஆசிட். நேரம் இல்லாதபோது எது வேகமாக வேலை செய்கிறதோ அதைத்தான் யாரும் கையில் எடுப்பார்கள். ஆசிட் வேகமாக வேலை செய்யும்.

மூன்று வருடம் இப்படியே ஓடிய ஒரு கல்யாண மண்டபத்தின் தரையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு ஹாலில் போட்டிருந்த கிரானைட் இன்னும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. மேடைக்கு முன்னால் இருந்த வெள்ளை மார்பிள், அந்தக் கட்டடத்திலேயே அதிகப் பணம் கொடுத்து வாங்கிய கல், சாக்பீஸ் தடவியதுபோல் வெளுத்திருந்தது. "ரெண்டு இடத்தையும் ஒரே ஆளுங்கதான் துடைக்கிறாங்க. இங்க மட்டும் ஒழுங்கா துடைக்கிறதில்ல" என்றார் மண்டபத்துக்காரர்.

ஆஸ்பத்திரியிலும் ஜவுளிக்கடையிலும் ஆபீஸிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு இது. தரை மங்கினால் துடைப்பவர் மேல் பழி. நான் பார்த்தவரை, துடைக்காமல் கெட்ட தரைகள் குறைவு. பொருந்தாததை ஊற்றித் துடைத்ததால் கெட்ட தரைகள்தான் அதிகம். ஊற்ற வேண்டியது எது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் மாப் பிடிப்பவர் அல்ல.

பளபளப்பு போன ஒரு தரையில் நடந்திருப்பது மூன்றில் ஒன்று. மேலே அழுக்கு ஒட்டியிருக்கலாம். சோப்போ உப்போ பழைய பாலிஷோ காய்ந்து ஒரு மெல்லிய படிவாகத் தங்கியிருக்கலாம். அல்லது தரையின் மேற்பரப்பே அரிக்கப்பட்டோ கீறப்பட்டோ காயப்பட்டிருக்கலாம். அழுக்குக்குச் சுத்தம் செய்ய வேண்டும். படிவைக் கரைத்து எடுக்க வேண்டும். காயத்துக்கு எந்தத் திரவத்தாலும் பயனில்லை, மெருகை மறுபடி ஏற்றியாக வேண்டும். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போதுதான் தரை நிரந்தரமாகக் கெடுகிறது.

எது என்று கண்டுபிடிக்க, மங்கல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாசலில் இருந்து கவுன்ட்டர் வரை ஒரு பாதைபோல் மங்கி, சுவரோரமும் பீரோவுக்கு அடியிலும் பளபளப்பு அப்படியே இருந்தால், அது கால்மண் கீறிய காயம். ஹால் முழுக்க ஒரே சீராக, கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் இருந்தால் அநேகமாகப் படிவு. டம்ளர் வைத்த வட்டமாகவோ தெறித்த துளிகளாகவோ இருந்தால் ஏதோ ஒரு அமிலம் பட்டிருக்கிறது. வைப்பர் இழுத்த திசையில் கோடுகோடாகத் தெரிந்தால் சோப்பு அதிகமாகிவிட்டது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. மங்கிய இடத்தில் ஒரு சதுர அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெந்நீரும் வெள்ளை பேடும் (தரை தேய்க்கும் நார்ப்பட்டை) வைத்து நாலைந்து தடவை தேயுங்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் அந்தச் சதுரம் மட்டும் பக்கத்து இடத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தால், பிரச்சினை தரைக்கு மேலே இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லை, விரலால் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கிறது என்றால் கல்லே போய்விட்டது. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கெமிக்கல் வாங்கிக் கொட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லின் குணம்

மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கோட்டா கல்லும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான். இவற்றின் மேல் அமிலம் பட்டால் கல் கரைந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழ்விட்டு வெளியேறும். பளபளப்பு என்பது மிகமிகச் சமமாக்கப்பட்ட ஒரு மேற்பரப்பு, அவ்வளவுதான். அந்தச் சமம் ஒரு நூலிழை குலைந்தாலும் வெளிச்சம் சிதறிக் கல் வெளுத்துத் தெரியும். இதற்கு ஆசிட் கேன்கூட வேண்டாம். எலுமிச்சைச் சாறு போதும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் போதும். ஒரு பந்தியின் ரசம் அரை மணி நேரம் மார்பிளில் நின்றால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

கிரானைட் வேறு சாதி. அது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிக்கா சார்ந்த தாதுக்களால் ஆனது. கடையில் கிடைக்கும் சாதாரண ஆசிட்டான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் அந்த மண்டபத்தில் ஒரே கேன், ஒரே கை, ஒரே மாப் இருந்தும் இரண்டு தரைகளுக்கு இரண்டு கதி. இருந்தாலும் சாப்பாட்டு ஹாலும் முழுதாகத் தப்பவில்லை. கிரானைட் பலகைகளுக்கு இடையே போட்டிருந்த சிமென்ட் ஜாயின்ட் அரித்துக் குழிவிழுந்திருந்தது. குழியில் சோற்றுப்பருக்கையும் எண்ணெயும் தங்கி நாற்றம் அடிக்க, நாற்றத்துக்காக மேலும் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். ஸ்டீல் நாற்காலிகளின் கால்களில் புள்ளிப்புள்ளியாகத் துரு. குளோரைடு பட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இப்படித் துளைவிடும்.

மண்டபத்துக்காரரிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, அங்கே ஆரம்பத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த வெள்ளைக் கல்லுல ஊத்தினா சோடா மாதிரி பொங்கும் தம்பி. இந்தப் பக்கம் ஊத்தினா பொங்காது. நான் அப்பவே மேனேஜர்கிட்ட சொன்னேன்" என்றார். எந்த ஆய்வகமும் இல்லாமல், எது சுண்ணாம்புக் கல், எது இல்லை என்று அவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டிருக்கிறார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இந்த அளவு காயப்பட்ட மார்பிளை டையமண்ட் பேட் போட்டுத்தான் மீட்க முடியும். சொரசொரப்பான பேடில் தொடங்கி, படிப்படியாக 3000 கிரிட் வரை (எண் கூடக் கூட பேட் நைசாகும்) போய் மெருகேற்ற வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால், முந்தைய பேட் போட்ட கீறல் கடைசி வரை மறையாது. அவசரப்பட்டு எடுத்த பாலிஷ் விளக்கு வெளிச்சத்தில் சுழல் சுழலாகத் தெரிவது இதனால்தான். லேசான மங்கல் என்றால் கிரிஸ்டலைசேஷன் செய்வார்கள். ஃப்ளூவோசிலிகேட் கலந்த திரவத்தைத் தெளித்து, மெஷினில் ஸ்டீல் ஊல் மாட்டித் தேய்ப்பது. கல்லில் உள்ள கால்சியத்தோடு அது வினைபுரிந்துதான் மேலே கடினமான பளபளப்பு உண்டாகிறது. வினைபுரியக் கால்சியம் கார்பனேட் வேண்டும் என்பதால் கிரானைட்டில் இதைச் செய்து பயனில்லை. முடிந்ததும் ஸ்டீல் ஊல் துணுக்குகளை வாக்வம் போட்டு எடுக்காமல் விட்டால், அடுத்த தடவை ஈரம் பட்டதும் தரை முழுக்கத் துருப்புள்ளி பூக்கும்.

வெள்ளை மார்பிள் மஞ்சளாவது வேறு கதை. கல்லுக்குள்ளேயே சிறிது இரும்புத் தாது இருக்கும். தண்ணீரைத் தேங்கவிட்டுக் கழுவக் கழுவ அது உள்ளேயே துருப்பிடிக்கும். ஆசிட் அதை இன்னும் வேகப்படுத்தும். மார்பிளை நனைந்த துணியால் துடைக்க வேண்டுமே தவிர, வாசல் தெளிப்பதுபோல் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவக் கூடாது.

எண்ணெய்க் கறைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குத்துவிளக்கு வைக்கும் இடத்தில் கிரானைட் கறுத்துப்போவது எல்லா மண்டபத்திலும் உண்டு. எண்ணெய் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டது, மேலே தேய்த்தால் வராது. டால்க் மாதிரி உறிஞ்சும் பொடியை அசிட்டோனில் பசையாகக் குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு திறந்து முழுதாகக் காயவிட்டு எடுக்க வேண்டும். காயும்போது பொடி எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். பழைய கறை என்றால் மூன்று நாலு தடவை செய்ய வேண்டியிருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் விளக்கு ஏற்றிவிடாதீர்கள்.

டைல்ஸ் தரையும் போர் தண்ணீரும்

இன்று புதிதாகத் திறக்கும் கடைகளில் பெரும்பாலும் விட்ரிஃபைடு டைல்ஸ்தான். இதற்குத் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் கறையே பிடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். ஆனால் தொழிற்சாலையில் டைலை மெருகேற்றும்போது, உள்ளே மூடிக்கிடந்த நுண்ணிய குமிழ்கள் திறந்துகொள்கின்றன. அந்தக் குழிகளில் அழுக்குத் தண்ணீர் இறங்கிக் காய்ந்தால் வெளிர்நிற டைல்ஸ் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். குழிகளை அடைக்க ஒரு மெல்லிய பூச்சு போட்டுத்தான் அனுப்புவார்கள். அது தேயும் பொருள். கடுமையான காரமும் சொரசொரப்பான பேடும் அதைச் சீக்கிரமே எடுத்துவிடும்.

ஆனால் டைல்ஸ் மங்கியிருக்கிறது என்று கூப்பிடும் இடங்களில் பாதிக்கு மேல் நான் பார்ப்பது சோப்புப் படிவும் உப்புப் படிவும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. நம் ஊர்களில் பல போர் தண்ணீர் அந்த மேல் எல்லையையும் தாண்டும். 600 என்றே வைத்துக்கொண்டாலும், 10 லிட்டர் பக்கெட்டில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 6 கிராம் இருக்கிறது. தினம் ஒரு பக்கெட், அதில் பாதி தரையிலேயே காய்கிறது என்றால், வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பை நாமே தரைக்குப் பூசுகிறோம். இதில் சோப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தயிர்போல் திரிந்து கரையாத படிவாக மாறும். நுரை வரவில்லையே என்று துடைப்பவர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். படிவு இன்னும் கனமாகும்.

பினாயிலும் இதில் சேர்த்திதான். வாசனை வந்தால்தான் சுத்தம் என்று நமக்குப் பழகிவிட்டது. பினாயில் கிருமிக்காக உண்டானது, அழுக்கை எடுக்கும் வேலை அதற்கு அவ்வளவாகத் தெரியாது. அதில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அளவுக்கு மேல் போனால் தரை பிசுபிசுக்கும், பிசுபிசுப்பு தூசியைப் பிடித்துவைக்கும், மாலைக்குள் தரை மறுபடி கறுக்கும். "காலையிலதான் துடைச்சது, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சே" என்ற புலம்பல் வரும் இடத்தில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படிவை எடுக்கும் முறை எளிது. எண்ணெய், சோப்புப் படிவு என்றால் வெந்நீரில் கொஞ்சம் காரமான கிளீனரைக் கலந்து, சில நிமிடம் ஊறவிட்டு, மெஷின் போட்டு, அந்த அழுக்குத் தண்ணீரை வெட் வாக்வத்தால் முழுதாக உறிஞ்சி எடுக்க வேண்டும். மாப்பால் எடுத்தால் பாதியைத் திரும்பப் பூசிவிடுவோம். உப்புப் படிவு மட்டும்தான் என்று உறுதியானால் சிட்ரிக் அல்லது சல்ஃபாமிக் அமிலம் கலந்த மென்மையான டீஸ்கேலர். அதுவும் ஜாயின்டுகளை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டு. ஏற்கெனவே தண்ணீர் குடித்த சிமென்ட் அமிலத்தை அவ்வளவாக உள்ளே இழுக்காது. மார்பிளில் இந்த மென்மையான அமிலமும் கூடாது.

கீறலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை சொல்லும் மோ கடின அளவில் மார்பிள் 3 சுற்றி நிற்கிறது, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. காலில் ஒட்டிவரும் மணல் ஒவ்வொன்றும் ஒரு உளி. இப்போது கட்டட வேலைக்குப் பெரும்பாலும் எம்-சாண்ட்தான். பாறையை உடைத்துச் செய்வதால் அதன் முனைகள் ஆற்றுமணலைவிடக் கூர்மையாக இருக்கும். பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் ஒரு கடையின் தரை ஆறே மாதத்தில் எப்படி ஆகிறது என்று கவனித்துப் பாருங்கள். வாசலில் ஒரு சின்ன மிதியடி போட்டால் போதாது. வருகிறவர் ஐந்தாறு அடி எடுத்து வைத்துக் கடக்கும் நீளத்துக்கு, முதலில் சொரசொரப்பான மேட், அடுத்து ஈரம் உறிஞ்சும் மேட் என்று வேண்டும். இரண்டையும் தினம் உதறியாக வேண்டும். தரைப் பராமரிப்பில் போட்ட பணத்துக்கு மிக அதிகப் பலன் தருவது இந்த மேட்தான் என்பேன்.

ஆஸ்பத்திரியின் வினைல் தரை

வார்டுகளிலும் ஐ.சி.யு.விலும் போடும் வினைல் ஷீட்டில்தான் 'ஃப்ளோர் ஃபினிஷ்' என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இருக்கிறது. இங்கே பளபளப்பது வினைல் அல்ல, அதன் மேல் பூசிய அக்ரிலிக் படலம். நம் ஆட்கள் 'வேக்ஸ்' அல்லது 'பாலிஷ்' என்று சொல்வது இதைத்தான். பாலுக்குள் கொழுப்பு மிதப்பதுபோல், தண்ணீருக்குள் அக்ரிலிக் துகள்கள் மிதக்கும். பூசியபின் தண்ணீர் ஆவியாகும், துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரு தோலாகும். பல வகைகளில் துத்தநாகம்தான் அந்தத் தோலை உள்ளே முடிச்சுப்போட்டுப் பிடித்துவைக்கிறது. ஒரு கோட் காய்ந்தபின் அதன் கனம் ஏறக்குறைய 4 மைக்ரான். ஐந்து கோட் போட்டாலும் ஒரு தலைமயிரின் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட வராது. நோயாளியின் ஸ்ட்ரெச்சரும் பார்வையாளர் செருப்பும் தேய்ப்பது இந்தத் தோலைத்தான். தேய்ந்தால் இதை மறுபடி போட்டுக்கொள்ளலாம், அடியில் இருக்கும் வினைல் தப்பிக்கும். அதற்காகவே உண்டான பொருள் இது.

இது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால், ஏன் கெடுகிறது என்பதும் தெரிந்துவிடும். தூள்தூளாக உதிர்கிறது என்றால் துகள்கள் சரியாகச் சேரவில்லை. சேராததற்குப் பெரிய காரணம், பழைய படலத்தை எடுக்கப் போட்ட ஸ்ட்ரிப்பர் முழுதாகப் போகாமல் இருப்பது. ஸ்ட்ரிப்பர் கடும் காரம். அதில் உள்ள அம்மோனியா அல்லது அமீன்தான் துத்தநாக முடிச்சை அவிழ்க்கிறது. அந்த மிச்சத்தின் மேலேயே புதிய கோட் போட்டால், கட்டிக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து அவிழ்க்கிறோம் என்று பொருள். ஸ்ட்ரிப்பிங் முடிந்து இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி, ஈரத் தரையில் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளை வைத்துப் பாருங்கள். 7, 8 என்று காட்டினால் பூசலாம். 10, 11 என்றால் இன்னொரு தடவை அலச வேண்டும். கடைசியாக மாப் பிழிந்த பக்கெட்டின் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. காரத்துக்கு நிறம் கிடையாது.

அடுத்த காரணம் மழை. சென்னையில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருக்கும். மற்ற நாளில் அரை மணியில் காயும் கோட், அன்றைக்கு இரண்டு மணி நேரத்திலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று அடுத்த கோட்டைப் போட்டால், அடியில் சிக்கிய ஈரம் வெண்மங்கலாக நிற்கும், பிறகு தோல் உரியும். சீக்கிரம் காயட்டும் என்று பெடஸ்டல் ஃபேனைத் தரையை நோக்கி வைப்பதும் தவறு. மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே தண்ணீர் மாட்டிக்கொள்ளும். காற்று அறையில் சுழன்றால் போதும், தரையில் அடிக்க வேண்டாம். முடிந்தால் ஸ்ட்ரிப்பிங் வேலையை பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்வது நல்லது.

சுவரோரம் மஞ்சளாவது எல்லோரும் கேட்கும் கேள்வி. நடுப்பாதை தேய்கிறது என்பதற்காக ஒவ்வொரு தடவையும் அறை முழுக்கக் கோட் போடுகிறோம். யாரும் நடக்காத ஓரத்தில் பழைய கோட் அப்படியே இருக்க, மேலே மேலே ஏறி, நடுவே சிக்கிய அழுக்கோடு சேர்ந்து பழுப்பாகிறது. முதல் ஒன்றிரண்டு கோட் சுவர் வரை, மீதியெல்லாம் சுவரில் இருந்து ஓரடி தள்ளி நிறுத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் இதற்கு வைத்தியம்.

தினசரித் துடைப்பில் நடக்கும் தவறு வேறு. காரமான கிளீனரால் தினமும் துடைத்தால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ட்ரிப்பிங் செய்கிறோம். அமிலமும் காரமும் அல்லாத நியூட்ரல் கிளீனர்தான் தினப்படிக்கு. ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசல் ரத்தம் சிந்திய இடத்துக்கு வேண்டியதுதான், ஆனால் அதன் வேலை நேரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து எடுத்துவிட வேண்டும். 2020க்குப் பிறகு புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. சுவரில் மாட்டிய சானிடைசருக்கு நேர் கீழே வெள்ளை வெள்ளையாகத் துளிக்கறை. 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள திரவம் அக்ரிலிக்கை இளக்கிவிடுகிறது. டிஸ்பென்சருக்கு அடியில் ஒரு சின்ன ட்ரே மாட்டினால் தீர்ந்தது.

பெட்டாடின் கறையைப் பார்த்து வினைலையே மாற்றச் சொன்ன இடமும் உண்டு. அயோடின் கறைக்கு சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் போதும். அந்தக் காலத்து ஃபோட்டோ ஸ்டூடியோக்களில் 'ஹைப்போ' என்று வைத்திருப்பார்களே, அதேதான். அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். கறை புதிதாக இருக்கும்போதே செய்தால் தடமே தெரியாது. ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட்டோ கறுப்பு ரப்பர் சக்கரமோ ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்று உண்டாகும் பழுப்புக் கறை மட்டும் போகவே போகாது. ரப்பரில் கலந்த ரசாயனம் வினைலுக்குள்ளேயே ஊடுருவிவிடுகிறது. அங்கே தேய்க்கத் தேய்க்க வினைல்தான் தேயும்.

இன்னொன்று. இப்போது வரும் வினைல் ஷீட்டுகள் பலவற்றில் பாலியூரித்தேன் பூச்சு தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகிறது. அதன் மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது, ஏடு ஏடாகப் பெயரும். பழைய பழக்கத்தில் ஃபினிஷ் போட்டுவிட்டு, "பாலிஷ் கம்பெனி ஏமாற்றிவிட்டது" என்று சண்டைக்குப் போவதற்கு முன், ஷீட் வாங்கியபோது கொடுத்த பராமரிப்புத் தாளை ஒரு தடவை பாருங்கள்.

மொசைக்கும் ஆத்தங்குடிக் கல்லும்

பழைய அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இருக்கும் மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மார்பிள் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்துத் தேய்த்த தரை அது. ஐம்பது வருடம் கழித்தும் மறுபடி தேய்த்துப் புதிதாக்க முடியும். ஐ.எஸ். 2114 இதற்கான இந்தியத் தரநிலை. 60, 120, 320 என்று கல்லை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் சதுர மீட்டருக்கு 33 கிராம் ஆக்சாலிக் அமிலப் பொடி தூவித் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்ப்பது பழைய வழக்கம். அளந்து தூவுகிற அந்தப் பொடி வேறு, கேனோடு கவிழ்க்கிற ஆசிட் வேறு. சில்லும் சிமென்ட்டும் இரண்டுமே அமிலத்துக்கு உருகுகிறவை என்பதால், கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட் வராண்டாவுக்கு வந்த அன்றே மொசைக்கின் ஆயுள் குறைய ஆரம்பிக்கும்.

ஆத்தங்குடி டைல்ஸும் சிமென்ட்தான். கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் அந்த மினுமினுப்பு. செட்டிநாட்டு வீடுகள் பல இப்போது ஹோட்டல்களாகிவிட்டன, தரை அதே தரை. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தே தலைமுறைகளாகக் காப்பாற்றிய தரைக்கு ஹோட்டல் வழக்கப்படி கடுமையான டைல்ஸ் கிளீனரைப் போட வேண்டாம்.

வாங்குகிற இடத்தில் நடப்பது

கெமிக்கல் வாங்கும்போது லிட்டர் விலையைப் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, லிட்டர் 80 ரூபாய்க்கு வரும் கிளீனரை 20 பங்கு தண்ணீரில்தான் கலக்க முடியும் என்றால், தரைக்குப் போகும் ஒரு லிட்டரின் செலவு 4 ரூபாய். 250 ரூபாய்க்கு வரும் இன்னொன்றை 100 பங்கில் கலக்கலாம் என்றால் இரண்டரை ரூபாய். விலை கூடியதுதான் இங்கே மலிவு. ஆனால் அளந்து ஊற்றினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். 100க்கு 1 என்றால் 10 லிட்டர் பக்கெட்டுக்கு 100 மில்லி. அதற்கு ஒரு அளவுக் குவளை வாங்கித் தராமல், கண்ணளவாக ஊற்றுகிறார்கள் என்று குறை சொல்வது நியாயமே இல்லை. பக்கெட்டும் ஒன்று போதாது. அலச ஒன்று, கெமிக்கல் தண்ணீருக்கு ஒன்று. ஒரே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைத்தால் முதல் அறையின் அழுக்கைக் கடைசி அறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

பேடின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. வெள்ளை மெருகுக்கு, சிவப்பு லேசான தினசரிச் சுத்தத்துக்கு, பச்சையும் நீலமும் தேய்த்துக் கழுவ, கறுப்பு ஸ்ட்ரிப்பிங்குக்கு. ஸ்டோரில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்று கறுப்பை மாட்டி ஒரு இரவு ஓட்டினால், ஐந்து கோட்டும் விடிவதற்குள் போய்விடும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே பக்கெட்டில் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது ஆளையே கொன்றுவிடும். கண்ணில் எரிச்சலோடும் நெஞ்சு அடைப்போடும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் 'மருந்து வாடை' என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். கையுறையும் திறந்த ஜன்னலும் அவர்களுக்குக் காட்டும் சலுகை கிடையாது. வேலைக்கு வைக்கும்போதே கொடுத்திருக்க வேண்டியவை.

அந்த மண்டபத்தின் மார்பிளை மெருகேற்றி முடிக்க ஐந்து இரவுகள் ஆயின. கல்யாணம் இல்லாத நாள் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஸ்டோர் ரூம் கதவில் தமிழில் ஒரு தாள் ஒட்டினோம். எந்த இடத்தில் என்ன கல், எதை எவ்வளவு கலப்பது, எந்த பேட் என்று. மேடைக்கு முன்னால்: நியூட்ரல் கிளீனர், பக்கெட்டுக்கு ஒரு குவளை. சாப்பாட்டு ஹால்: முதலில் வெந்நீர், அப்புறம் எண்ணெய்ப்பிசுக்கை எடுக்கும் டிக்ரீசர், கடைசியில் நல்ல தண்ணீர். ரசம் சிந்தினால் உடனே ஈரத்துணி. எழுதி முடித்ததும் அந்த அக்காவை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு தம்பி" என்றார். அவர் சொல்லச் சொல்லக் கடைசி வரியாகச் சிவப்பு மையில் எழுதினேன்: நுரை பொங்கினால் உடனே நிறுத்தித் தண்ணீர் ஊற்றவும்.